தார் ரோட்டில் முளைக்குழிகள்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில், ஒரு ஜீப்புக்குப் பின்னால் என் ரிக்‌ஷா நிற்கிறது. புதுத் தார் ரோட்டின் நடுவே மர முளைகள் நட்டு, தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவு ஒன்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுகிறார்கள்.

ஜீப்பிலிருந்து ரோடு ஓவர்சியர் இறங்குகிறார்.

“போன வாரம் போட்ட ரோடு! யாரும்மா குழி தோண்டினது?”

“யாரும் தோண்டல சார்,” என்கிறாள் கஞ்சிக் கையோடு ஒரு பெண். “தார் ஊத்தசொல்லவே முளைய நட்டுப் புடிச்சிக்கினு நின்னோம். உங்க ஆளுங்க சுத்தி ஊத்திட்டுப் போனாங்க.”

“இன்னிக்கே எல்லாத்தையும் அடைக்கச் சொல்றேன்.”

“அடைங்க சார், யாரு வேணான்னது? பாவு காயட்டும். அதுவரிக்கும் இந்த முளைய கொஞ்சம் புடிங்க, ஆடுது.”

ஓவர்சியர் என்னைப் பார்க்கிறார். பிறகு முளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.