அண்ணாவின் எஞ்சினும் அதற்கான செலவும்

எங்கள் அண்ணா மறைந்து இன்று ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர் கைகளிலும் நண்பர் கைகளிலும் இந்த மலரை வைக்கிறோம். தேவாரமும் வம்சாவளியும் முன்பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கங்கள் தங்கையாகிய எனக்கு ஒதுக்கப்பட்டவை.

"கார்க் கதை வேண்டாம், அண்ணாவின் நற்குணங்களை மட்டும் எழுது" என்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் புத்தி சொன்னீர்கள். கார்க் கதையைத்தான் எழுதப்போகிறேன். அது இல்லாமல் அண்ணாவின் கடைசி ஆறு ஆண்டுகள் இல்லை. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அந்தக் காருக்கென்று அவர் செய்த எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது. அதற்காக எங்கள் சித்தப்பாவை ஒரு வருடமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அது யாருடைய குற்றம் என்பது அச்சில் வரவேண்டும். வாயால் சொன்னால் நீங்கள் ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொள்வீர்கள்.

அண்ணா உரும்பிராயில் பிறந்தவர். தபால் கந்தோரில் இலிகிதராக இருந்த அப்பாவுக்கு மாற்றம் கிடைக்க, நான்கு வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். படிப்பை முடித்ததும் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. அதன் பிறகு அண்ணா வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சின் அறை வேலைக்குப் போனார். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சூட்டில் வெந்தார்.

அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற எங்கள் வீடு. உங்களில் பலருக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், விசா நேர்முகத்துக்கு வந்தவர்கள், ஏஜென்சிக்காரனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதன் ஹோலில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தவர் அண்ணா. மின்வெட்டுக் காலத்தில் உங்கள் வீட்டு ஜெனரேட்டர்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் சதம் வாங்காமல் திருத்தித் தந்தவரும் அவர்தான். நற்குணம் வேண்டுமென்று கேட்டீர்கள், இவை போதும்.

இனிக் கார். ஓய்வு பெற்று வந்த ஆண்டில் கல்கிசையில் ஒரு பழைய வீட்டுக் கராஜில் அதைக் கண்டார். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த, பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் போட்ட சின்னக் கார். பின் ஆசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. அதைக் கட்டி இழுத்து வந்து வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் விட்டார்.

"இதை ஓட வைக்க ஒரு மாதம் காணும் தங்கச்சி. ஆனா எனக்கு அது வேண்டாம்" என்றார். "கப்பல் எஞ்சின் நிமிஷத்துக்கு நூறு தரம் சுத்தும். காலம் முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் கேட்டனான். ஒருக்காவெண்டாலும் ஏழாயிரம் தரம் சுத்திறதை என்ரை கையாலை செய்து கேக்கவேணும்."

"கேட்டு?" என்றேன்.

"கேட்டால் காணும்" என்றார்.

அப்போது எனக்கும் அது விசராகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வயதுவரை தனக்கென்று ஒன்றும் கேட்காத மனிதர். நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் மூடவில்லை. "தங்கச்சி கட்டாமல் இருக்க, காசைக் கரியாக்கிறான்" என்று பேசினீர்கள். கார் வீட்டுக்கு வந்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். அதையும் இந்த மலரிலேயே எழுதிவிடுகிறேன், இனி ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு பழைய எஞ்சினுக்கு ஏன் அவ்வளவு செலவு என்று எல்லோரும் கேட்டீர்கள். யாரும் பதிலுக்கு நின்றதில்லை, ஆகவே இப்போது கேளுங்கள். வேகமாகச் சுற்ற வேண்டுமென்றால் பழைய வார்ப்புப் பிஸ்டன் உடையும். அடித்து உருவாக்கிய பிஸ்டன் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அது வந்தால் அதன் அழுத்தத்துக்குப் பழைய போல்ட் தாங்காது. போல்ட்டை மாற்றினால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் தண்டைச் சமநிலைப்படுத்த வேண்டும். எஞ்சினுக்குப் பலம் கூடினால் கிளட்ச் வழுக்கும், பிறகு கியர்ப்பெட்டி, பிறகு பிரேக். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொட வேண்டும். இது கடையில் வாங்கிப் பூட்டுகிற சாமான் அல்ல.

அதற்கு மேல் எங்கள் நாடு. பிஸ்டனுக்கு அவர் முற்பணம் கட்டிய மாதத்தில் டொலர் ஒரு விலை, மீதியைக் கட்டப் போனபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இறக்குமதித் தடை வந்து ஒரு கேஸ்கட் பதினொரு மாதம் வராமல் கிடந்தது. எஞ்சினின் உடலான புளொக்கைப் போர் பண்ண, அதாவது துளைகளைப் பெருப்பிக்கக் கொடுத்த ஓரிடத்தில், வேலைக்கு நின்ற பொடியன் ஒருவன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே கூடத் துளைத்து அதைக் குப்பையாக்கினான். அதே மாதிரி எஞ்சின் ஒன்று நீர்கொழும்புப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பை இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணா தோட்டக்காரருக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்து, அந்தப் புளொக்கைத் தூக்கி வந்தார். பஞ்சிகாவத்தையில் ஒரு முதிய லேத் வேலைக்காரரைப் பிடித்து, பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். பிஸ்டன்களும் அவற்றைப் பிடிக்கும் தண்டுகளும் ஒரே எடையில் இருக்கவேண்டும் என்பதால், செட்டியார் தெருவில் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்து, அரம் கொண்டு ராவி, மறுபடி நிறுத்தார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் காற்று வழிகளைக் கையாலேயே தேய்த்துத் துலக்க எட்டு மாதம் எடுத்தார். என்னுடைய பழைய சேலைகள் எல்லாம் அந்தச் சாமான்களைச் சுற்றி வைக்கப் போயின.

நான் கோட்டையில் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை செய்கிறவள். துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவருக்கு வந்த ஒவ்வொரு பெட்டியும் என் கையால்தான் வெளியே வந்தது. கடைசிப் பெட்டியில் வந்தது கேம் ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அது வந்துவிட்டால் பூட்டுகிற வேலை மட்டுந்தான் மிச்சம், இரண்டு கிழமையில் ஸ்டார்ட் பண்ணலாம் என்று சொல்லியிருந்தார். பெட்டி வந்ததும் நானே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணா, சாமான் வந்திட்டுது. இந்தமுறை நீங்கள் நேரை வந்து அடையாள அட்டை காட்டவேணுமாம். இண்டைக்கு எடுக்காட்டி நாளையிலை இருந்து நாளுக்கு நாள் டெமரேஜ் காசு போடுவாங்கள்."

எத்தனை மணிக்கு என்று கேட்டார், சொன்னேன். பிறகு "ஓம், வாறன்" என்றார்.

வந்தார். பெட்டியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வீடு போனார். அதிலிருந்து நான்காம் நாள் காலை கோப்பிக் கோப்பையோடு கதிரையிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

மரணச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் அவருடைய சட்டைப் பையில் ஒரு துண்டைக் கண்டேன். இருதயத்தின் இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி. நான் துறைமுகத்துக்குக் கூப்பிட்ட அதே நாள், அதே நேரம். இருதயத்தில் குறை இருந்ததை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு நாள் டெமரேஜை மிச்சம் பிடிக்க நான் கூப்பிட்டேன், அவரும் "ஓம், வாறன்" என்று வந்துவிட்டார். அந்த எஞ்சினுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டீர்களே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவோடு எனக்கு இன்றும் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை ஒரு மாதம் துறைமுகத்தில் கிடக்க விட்டிருப்பேன். ஒரு வருடம் கிடந்தாலும் கட்டியிருப்பேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல் நாள், வழக்கம்போல வீட்டைக் கழுவி ஒதுக்கவென்று நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நல்ல மனதோடுதான் வந்தீர்கள். பின்பக்கக் கொட்டிலில் சமையல் வைக்க இடம் வேண்டுமென்று காரை மதிலோரம் தள்ளிவிட்டு, அங்கே கிடந்த சாமான்களை வெளியே எடுத்தீர்கள். வளைந்துவிடாமல் இருக்கக் கயிற்றில் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்த கிராங், சேலையில் சுற்றிய ஹெட், பிஸ்கட் டின்களுக்குள் இருந்த பிஸ்டன்கள், கேம் பெட்டி எல்லாம் முற்றத்துக்கு வந்தன. சித்தப்பா ஒழுங்கையால் போன பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டார். அவர் எல்லாவற்றையும் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்து, கிலோக் கணக்கில் ஏற்றிப் போனார். அந்தப் பணத்தில் எட்டுச் செலவுக்குக் கத்தரிக்காயும் வாழைக்காயும் வாங்கினோம். அன்று ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. "வீடு இப்பத்தான் வீடு மாதிரிக் கிடக்கு" என்றுகூட ஒருவர் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பழைய கார் சேகரிக்கும் கனவான் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். அண்ணாவின் வேலையைப் பார்த்திருந்தவர். "அந்த எஞ்சினை விற்பதாக இருந்தால் எனக்குத் தாருங்கள்" என்று, ஹோலில் எல்லோரும் கேட்க ஒரு விலை சொன்னார். உங்கள் முகங்களை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் கரியாக இருந்தது ஒரு நிமிடத்தில் பொன்னாகிவிட்டது. அண்ணாவைக் காசைக் கரியாக்கிறவன் என்ற அதே வாய்கள் சித்தப்பாவின் பக்கம் திரும்பின.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"வயது போனால் பேசாமல் ஒரு மூலையிலை இருக்கிறதுதானே!"

"கிழவன் வேணுமெண்டே வித்துப்போட்டு மிச்சத்தை மடியிலை கட்டியிருக்கும்!"

கடைசி வசனத்தைச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சித்தப்பா எண்பது வயது மனிதர், அப்பாவின் கூடப்பிறந்தவர். வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்று, என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் விளங்கேல்லை. இரும்பெண்டு நினைச்சிட்டன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கல்கிசை பஸ் எடுக்கப் போய்விட்டார். அந்தியேட்டிக்கு வரவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் அவரை நீங்கள் அழைக்கவில்லை.

அடுத்த நாளே இரும்புக்காரரைத் தேடிப் பிடித்து, அவரோடு கொலன்னாவைக்குப் போனேன். ஹெட்டைச் சுத்தியலால் நாலாக உடைத்து, அலுமினியக் குவியலில் போட்டிருந்தார்கள். பிஸ்டன்கள் உருக்கப் போய்விட்டன. கிராங் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று கத்தினேன். "யகட தமய், மிஸ்" என்றார் அவர் சிங்களத்தில். இரும்புதானே என்கிறார். அவரில் என்ன பிழை?

மூன்று மாதம் கழித்து அதே மனிதர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கேம் ஷாஃப்ட். பளபளவென்று இருந்ததால் உருக்க மனம் வராமல் எடுத்து வைத்தாராம். காசு நீட்டினேன், "எப்பா, மிஸ்", வேண்டாம் என்று கையை ஆட்டி வாங்காமல் போனார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். பெயர் தெரியாத அந்த இரும்புக்காரருக்கு நன்றி. பஞ்சிகாவத்தை லேத் ஐயாவுக்கும், தராசுக்கு ஒருநாளும் கூலி கேட்காத செட்டியார் தெரு நண்பருக்கும் நன்றி. அண்ணாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், பந்தியில் நின்று பரிமாறிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

கடைசியாகச் சித்தப்பா. எட்டுச் செலவுக்கு முதல் நாள் அவர் யாரையும் கேட்காமல் கொடுக்கவில்லை. நான் அறைக்குள் அந்த ஆஸ்பத்திரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, கதவடியில் வந்து நின்று என்னைக் கேட்டார்.

"பிள்ளை, பின்னாலை கிடக்கிறதெல்லாம் என்ன செய்யிறது? உன்ரை கொண்ணன்ரை சாமான்."

"கொண்டுபோகச் சொல்லுங்கோ" என்றேன்.

"வடிவாய் யோசிச்சுச் சொல்லு பிள்ளை" என்று இரண்டாம் முறையும் கேட்டார்.

"ஒரு ஆணிகூட இந்த வீட்டிலை மிஞ்சக்கூடாது, சித்தப்பா. எல்லாத்தையும் அள்ளிக் குடுங்கோ!" என்று கத்தினேன். அது இரும்பில்லை என்று அந்த வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அந்தியேட்டிக்கு முன் நீங்கள் அவரைக் கிழித்தபோது, எனக்காக அவர் பொய் சொன்னார். நான் கையில் தேநீர்த் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு வருடத்தில் எனக்கு வாய் வரவில்லை. உங்களோடு எனக்கிருக்கும் கோபம் எல்லாம் சேர்ந்தாலும், என்னோடு எனக்கிருக்கும் கோபத்துக்குக் காணாது.

போன கிழமை கல்கிசைக்குப் போய்ச் சித்தப்பாவின் காலில் விழுந்து, திவசத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருவார். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும். ஆனால் கண் மங்கியதால் இப்போது அவருக்கு எழுத்துத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாராவது அவருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். காதுக்குள் குசுகுசுக்க வேண்டாம். அன்று அவரைப் பேசிய அதே சத்தத்தில், அதே ஹோலில், எல்லோரும் கேட்க வாசியுங்கள்.

தங்கச்சி
வெள்ளவத்தை