இரண்டு மாப்பிள்ளைகள் இருந்த வீடு

எங்கள் வீட்டில் இரவுச் சோறு ஆறித்தான் போகும். பரிமாறி முடிந்ததும் மூவரும் மேசையில் இருப்போம். அப்பா என் கணவரைப் பார்ப்பார். என் கணவர் அப்பாவைப் பார்ப்பார். யார் ஜெபம் பண்ணுவது என்பதுதான் பிரச்சினை. வீட்டுத் தலைவர்தான் ஜெபம் பண்ண வேண்டும் என்பது அப்பா வளர்ந்த மெதடிஸ்த வீட்டு வழக்கம். மூத்தவர் இருக்கையில் இளையவர் முந்திக்கொள்ளக் கூடாது என்பது என் கணவர் வளர்ந்த கத்தோலிக்க வீட்டு வழக்கம். இரண்டுமே நல்ல வழக்கங்கள். ஒரே மேசைக்கு வந்தபோது மீன்கறியில் ஆடை படிந்தது. சில நாட்களில் இருவரும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, மறுபடியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமென் சொல்லக் காத்திருப்பேன்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையும் வளவையும் உறுதிப் பத்திரத்தில் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வேலிக்குள் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து சேருவார். என் கணவர் அப்படி வந்தவர். அப்பாவும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்தான். வளவு அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது; அதில் கல்வீடு கட்டியது மட்டும் அப்பா. ஆகவே ஊர்க்கணக்கில் எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு மாப்பிள்ளைகள்.

அப்பா பஸ் ஓட்டியவர். அவருடைய பஸ்ஸில் நிறுத்தம் இல்லாத இடத்தில் மணி அடிக்க ஒருவருக்கும் துணிவு வராது. வீட்டிலும் அப்படித்தான். வானொலியின் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், கோழிக்கூடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அந்த மனிதர் என் கலியாணத்துக்கு மறுநாள் காலையில் சமைக்கிற குசினிக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிக் கட்டிய அறைக்கு அம்மாவோடு குடிபோனார். அதற்குப் பிறகு முன்வாசலால் உள்ளே வந்ததே இல்லை. பின்கதவில் நின்று இருமுவார். தன் கையால் வைத்த கதவுக்கு வெளியே நின்று அவர் இருமுவதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும். அம்மா இறந்த பிறகு அந்த இருமல் இன்னும் மெதுவானது. வீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தால் "இந்த வீடு" என்பார். யாருடைய வீடு என்று சொல்ல மாட்டார்.

என் கணவருக்கு உன்னிச்சைக் குளத்தில் நீர்ப்பாசன வேலை. எந்த வயல்வட்டைக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று விவசாயிகள் கூடிச் சண்டை பிடிக்கும் கூட்டங்களில், கடைசி வார்த்தை இவருடையதாம். அவரோடு வேலை செய்பவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரில் பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் தேநீருக்குச் சீனி போதாவிட்டாலும் கேட்க மாட்டார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். ஆனால் விடுமுறைக்கு அவருடைய தாய் வீட்டுக்கு, வாகரைக்குப் போவோம். வாழைச்சேனை தாண்டும்போதே அவருடைய குரல் தடிக்கத் தொடங்கும். படலையைத் திறந்ததும் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிச் சத்தம் போடுவார். அந்த வீட்டில் அவருடைய தங்கையின் கணவர் ஒரு மூலையில் இருந்து தன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் எனக்கு வேலை. மனித நடத்தை பற்றிய புத்தகங்கள் நான் அடுக்குகிற தட்டுகளில் ஒன்றில் இருக்கின்றன. ஓய்வு நேரத்தில் புரட்டிப் பார்ப்பதுண்டு. ஒருவருடைய குணத்தைக் கேள்விகள் கேட்டு அளக்கலாம் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. அளக்கட்டும். எந்த வீட்டில் இருத்தி வைத்து அளந்தீர்கள் என்று மட்டும் நான் கேட்பேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தது, அந்தத் தென்னை சாயும் வரைக்கும்.

ஒரு மாரிக்காலத்தில் பக்கத்து வாவித் தண்ணீர் வளவுக்குள் ஏறி, நாட்கணக்கில் நின்று வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால் பின்வளவுத் தென்னையின் வேர்ப்பக்கம் மண் கரைந்து, மரம் அப்பாவின் அறைப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்பா கலியாணம் முடித்து வந்த புதிதில் வைத்த மரம் அது. குலைகள் அறையின் கூரைக்கு நேர் மேலே தொங்கின. அடுத்த மாரியை அது தாங்காது என்று யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

கணவரிடம் சொன்னேன். அவர் மரத்தைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, ஆபத்துத்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"மாமா வச்ச மரம். அவர்ட வாயால ஒரு சொல்லு வராம நான் எப்பிடிக் கை வைக்கிற?"

அப்பாவிடம் போனேன்.

"மருமகன் இரிக்கிறார்தானே புள்ள. அவர் சொல்லட்டும், மறுகா பாப்பம்."

நான் இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்குமாக நடந்தேன். இருவரையும் ஒரே இடத்தில் இருத்திப் பேசியும் பார்த்தேன். மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். நான் கூடுதலாக நெருக்கினால் அப்பா காய்க்கிற மரத்தை வெட்டுவது பாவம் என்பார், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார். கணவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வார். இருவருடைய விசுவாசத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாய் திறக்கப் பயந்த நேரங்களில் அது கூடுதலாகப் பெருகியதைக் கவனித்தேன்.

அடுத்த மழை தொடங்கியது. ஒரு காலையில் அப்பாவின் அறையைக் கூட்டப் போனபோது கட்டில் இடம் மாறியிருந்தது. யன்னலோரம் கிடந்தது எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். யன்னல் பக்கம் இரண்டு ஓடுகள் உடைந்து, வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஒரு தேங்காய் கூரையை உடைத்துக்கொண்டு அவர் தலை வைக்கிற இடத்தில் விழுந்திருக்கிறது. அவர் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல், கட்டிலைத் தள்ளிப் போட்டிருக்கிறார். எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் கூட. ஒரு சொல் சொல்வதை விடச் சாவது மேல் என்று இருக்கிற மனிதரை என்ன செய்வது? வேலைக்குப் போகிற வழியில் மரம் வெட்டுகிறவரின் வீட்டுக்குப் போய், அவரை வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆலயத்தால் வந்த பிறகு அவர் கயிறும் கத்தியுமாக வந்தார். பின்வளவுக்குப் போய் மரத்தைப் பார்த்தார். அப்பாவும் கணவரும் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். வெட்டுவதற்கு முன் சொந்தக்காரர் யார் என்று மரம் வெட்டுகிறவர் விசாரித்தார்.

"வளவு ஆர்ர? மறுகா ஒருத்தர் வந்து ஏன் வெட்டின எண்டு கேக்கப்படாது."

அப்பா கணவரைப் பார்த்தார். கணவர் அப்பாவைப் பார்த்தார். அச்சு அசலாகச் சாப்பாட்டு மேசை. நானும், பழக்கதோஷம், இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் வெட்டுகிறவர் கயிற்றைத் திரும்பச் சுருட்டத் தொடங்கினார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"வளவு உறுதி என்ட பேரில இரிக்கி. வெட்டுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் இத்தனை மாதம் ஊமையாக இருந்தவர்கள் இவர்கள்தானா என்று யாரும் கேட்பார்கள். கணவர் கயிற்றை எந்த மரத்தில் கட்டுவது, எந்தப் பக்கம் இழுப்பது என்று குளத்துக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார். அப்பா நடுவளவில் நின்று, பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கிறவருக்குக் கை காட்டுவது போல, "விடு, விடு, இன்னும் விடு, நிப்பாட்டு" என்று கத்தினார். அம்மா இறந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இருவரிடமும் துணிவு இல்லாமல் இருந்ததில்லை. தொடங்குகிற சொல் தங்களுடையதாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. மரம் துண்டு துண்டாக இறங்கியது. கூரைக்கு ஒரு சேதமும் இல்லை. மத்தியானம் மரம் வெட்டியவரும் எங்களோடு சாப்பிட்டார். அவர் கோவிலுக்குப் போகிற சைவக்காரர், ஜெபத்துக்குக் காத்திராமல் கை கழுவிய உடனே சாப்பிடத் தொடங்கிவிட்டார். மற்ற இருவரும் ஒரு கணம் தடுமாறி, அவரைப் பார்த்துத் தாங்களும் தொடங்கினார்கள். அன்றைக்குச் சோறு சூடாக இருந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. கொஞ்சம் பெருமையும்தான்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், அப்பா குசினிப் பின்கதவில் நின்று இருமினார். கையில் முளைவிட்ட தேங்காய் ஒன்று இருந்தது. வெட்டிய மரத்தின் காய்தான், எடுத்து முளைக்க வைத்திருக்கிறார்.

"மகள், இத வளவுக்குள்ள வைக்கட்டா?"

முந்தின மரத்தை வைத்தபோது அவர் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். வையுங்க அப்பா, இதென்ன கேள்வி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனார். பழைய மரத்தின் அடிவேரைத் தோண்டி எடுத்த குழி மூடாமல் அப்படியே கிடந்தது. அங்கேதான் வைப்பார் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டி, அம்மாவின் கறிவேப்பிலையைத் தாண்டி, வேலியோரம் போய்க் குந்தித் தோண்டத் தொடங்கினார். நான் பின்னால் போய், ஏன் இவ்வளவு தூரம், அங்கே தண்ணீர் ஊற்றுவதும் கஷ்டம் என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"உன்ட வீட்டில விழப்படாது, மகள்."