ஐந்தாம் திருவிழா உபயகாரர்

தாபரிப்பு வழக்குக்கு வரும் கணவன்மார் வழக்கமாக இருக்கிற காசை ஒளிப்பார்கள். சுகிர்தன் ஒளிக்க வந்தது, காசு இல்லை என்பதை.

அவன் மனேஜராக இருந்த கொள்ளுப்பிட்டிக் கம்பனி மூடி மூன்று வருடம். இப்போது மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் ஐம்பத்தையாயிரம் சம்பளத்துக்கு பில் எழுதுகிறான். குடியிருக்கும் வெள்ளவத்தையில் மட்டும் இன்னும் மனேஜர். காலையில் கழுத்துப்பட்டியோடு ரயிலேறுவான். மருதானையில் இறங்கியதும் அது பைக்குள் போய்விடும்.

பிரிந்துபோய்க் கொட்டாஞ்சேனையில் தாயோடு இருக்கும் மனைவி நிருஷா, தன் சட்டத்தரணி சொன்னபடி மகளின் தாபரிப்புச் செலவுக்கு மாதம் அறுபதாயிரம் கேட்டிருந்தாள்.

"சம்பளச் சீட்டைத் தாரும், தம்பி," என்றார் அவனுடைய சட்டத்தரணி.

"கோட்டில வாசிப்பினமே, சேர்?"

"பின்ன, பூசை செய்யவே கேக்கினம்?"

சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டதும் நிருஷாவின் சட்டத்தரணி பஸீஹா, வெள்ளவத்தைக் கோயில் நோட்டீஸ் ஒன்றை நீதவானிடம் நீட்டினார். ஐந்தாம் திருவிழா உபயம்: சுகிர்தன் குடும்பத்தினர். ஒரு நாள் திருவிழாவுக்கு மூன்று லட்சம் கொடுத்தவரால் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா?

காசு கனடாவிலிருக்கும் அக்காவுடையது. கோயில் மரியாதையான காளாஞ்சியை வாங்க இங்கே இரண்டு கைகள் வேண்டுமே. அவை மட்டுமே அவனுடையவை.

அது உம்முடைய பணமா என்று நீதவான் சிங்களத்தில் கேட்டார். விளங்கியது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லும்வரை நின்றான். வெட்கம் இரண்டு முறை வந்தது. பின்வரிசை வாங்கில் இருந்தவர் நிருஷாவின் தாய்மாமன் நாகேந்திரம், அதே கோயிலின் பரிபாலன சபைக்காரர். இங்கே சொல்வது பின்னேரப் பூசைக்கு முன்னமே வெள்ளவத்தைக்குப் போய்விடும்.

"ஓம், ஐயா. என்ர காசுதான்."

அவனுடைய சட்டத்தரணி நெற்றியில் கை வைத்தார். நிருஷா எழுந்தாள்.

"பொய், ஐயா. கனடா மச்சாள் அனுப்பின காசு. இவர் மருதானையில பில் எழுதுறார்."

பஸீஹா அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரிங்க! கேஸ் நம்ம பக்கம்."

"கட்ட ஏலாமல் இவரை மறியலில போட்டா, பிள்ளைக்கு ஆர் தாறது, மிஸ்?"

நீதவான் மறுபடி கேட்டார். சுகிர்தன் சீட்டை எடுத்துக் கொடுத்தான். மாதம் இருபதாயிரம் என்று கட்டளையானது.

வெளியே விறாந்தையில் அவளை மறித்தான். "அறுபதும் தந்திருப்பன். மாமாவுக்கு முன்னால சொல்லியிருக்கத் தேவையில்லை."

"எங்கயிருந்து தந்திருப்பீங்கள்?"



வழக்குப் போட்டதை அவன் எப்போதோ மன்னித்துவிட்டான். காப்பாற்றியதை இன்னும் மன்னிக்கவில்லை. பணம் மட்டும் மாதம் தவறாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்கிறது.