மூன்றாவது நாற்காலி

தேக்கா வட்டாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் இனிப்புக் கடையின் செண்டோல் ஐஸ் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் வெறும் தண்ணீர், பச்சை மாவு இழைகள் ரப்பர். ஆனாலும் அந்தப் பாண்டான் இலை வாசனை, இடித்துத் தள்ளப்பட்ட பூன் லே உணவங்காடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐஸ் துருவும் இயந்திரம் கரகரக்க, துடைத்த மேசை இன்னும் பிசுபிசுக்க, என் சிறுவயதில் அங்கே ஞாயிறுதோறும் அப்பா தனக்கு, எனக்கு, அம்மாவுக்கு என்று மூன்று நாற்காலிகளில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பார்.

அம்மா இறந்த பிறகும் மூன்றுதான். யாராவது கேட்டால், "ஆள் வருது லா" என்பார். நான் செண்டோல் உருகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஆன்ட்டி, இந்த சேர் எடுத்துக்கலாமா?" என்று இந்தக் கடையில் பக்கத்து மேசைப் பெண் கேட்டபோதுதான், எதிர் நாற்காலியில் நானே வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டைப் பார்த்தேன்.

"ஆள் வருது" என்றேன். பிறகு வாசலைப் பார்த்தேன்.