வாசலை மறித்த வண்டி

அலுவலகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படித்தவளல்ல, இயந்திரங்களுக்கு நிபந்தனை எழுதுவது பிழைப்பு. ‘எப்போதும்’, ‘என்றாவது’, ‘அதுவரை’ என்று காலத்தைக் கட்டும் சொற்களில் அவள் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் உத்தியைக் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும். எப்படிச் செய்வது என்று அவள் சொல்வதேயில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்பது கணவரின் புகார்.

இந்த முறை, மருத்துவமனையில் சலவைத் துணி சுமக்கும் வண்டி, தானாக ஓடுவது. அவள் எழுதியது இதுதான்: நர்ஸுகள் கதவைத் திறந்துவிட்டால், கேட்ட வார்டுக்கெல்லாம் துணி என்றாவது போய்ச் சேர வேண்டும். வண்டியோ முதல் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, திறக்க வழியில்லை. தள்ளிவிட்டாலும் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றது.

தலைமை நர்ஸ் சாயங்காலம்வரை கெடு வைத்தாள், அதற்குள் சரியாகாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாளாம். வண்டி திரும்பி வந்தால் வக்கீலம்மாவும் வீட்டுக்குப் போகலாம் என்பதை அலுவலக மேலாளர் இங்கிதமாகத் தெரிவித்தார். வண்டிக்குக் கண் சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்க யோசனையும் கொடுத்தார்.

கண் நன்றாகவே தெரிந்தது. கதவு திறந்தால்தானே கடமை? திறக்கவிடாமல் மறித்துக்கொண்டால் கடமையே இல்லை. நிபந்தனை மீறப்படவில்லை, வேலையும் நடக்கவில்லை. பிழை தன் வாக்கியத்தில்தான் என்று புரிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நர்ஸிடம் மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப இது எங்க கொழுந்தனார் மாதிரிங்க. சாவி குடுத்தா கடையத் திறக்கிறேம்பாரு. சாவி அவர் பாக்கெட்டுலதான் இருக்கும்.”

‘கதவைத் திறந்துவிட்டால்’ என்பதை நீக்கிப் பார்த்தாள். அப்படியொரு உத்தியே கிடையாது என்று கணினி கைவிரித்தது. யாரும் கதவைத் திறக்காவிட்டால் எந்த வண்டிதான் உள்ளே போகும்? அதைத் திரும்பச் சேர்த்து, கதவு திறக்கும்வரை சுவரோரமாகத்தான் நிற்க வேண்டும் என்று இன்னொன்றும் எழுதினாள்.

நர்ஸ் வேண்டுமென்றே கதவைச் சாத்திவிட்டுக் கை கட்டி நின்றாள். வண்டி சுவரோரம் ஒதுங்கியது.

“எவ்வளவு நேரம் இப்படி நிக்கும்?”

“நீங்க திறக்கிற வரைக்கும்.”

“திறக்கவே இல்லைன்னா?”

“அப்ப தப்பு உங்க மேலங்க.”

நர்ஸ் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தாள், வண்டி உள்ளே போய்த் துணியை இறக்கியது.

“இருக்கட்டும்,” என்றாள். வண்டியைத்தான் சொன்னாள், மேலாளர் அதை வக்கீலம்மாவுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.