எனக்கு எந்தக் கிழமை லீவு?

எழுபதுகளின் கடைசியில், கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் நான் இட்லிக் கடை வைத்திருந்தேன். கணவருக்கு மில்லில் வேலை. உயிர் முழுக்கத் தொழிற்சங்கத்தில். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் நின்று முதலாளித்துவத்தையும் சோஷலிசத்தையும் ஒப்பிட்டுப் பேசுவார்.

"அங்க லாபமெல்லாம் ஒருத்தனுக்கு. இங்க உழைச்சவங்க எல்லாருக்கும்."

"அங்க காசக் குடுத்தா சாமான் கெடைக்குது. இங்க கியூவுல நிக்கணும்" என்பேன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்று கால் கடுத்தவள் நான், சும்மா விடுவேனா?

கடையில் கூட்டம் சேர்ந்ததும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டேன். வாய் திறக்காமல் வேலை செய்வாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவணுங்க. இங்க வந்ததுலேருந்து மாதா கோயில் பக்கமே போவல."

எனக்கு ஞாயிறுதான் வியாபாரம். "பாக்கலாம்" என்று மழுப்பினேன். அவள் முகம் வாடிவிட்டது.

சாமியே இல்லை என்கிற என் கணவர், அவள் பூசைக்குப் போவதற்காகக் கொடி பிடித்தார். "வார லீவு தொழிலாளியோட உரிமை. அவ எங்க வேணா போவட்டும், நீ யாரு கேக்க?" சொந்த வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு சங்கம்! கோபத்தில் அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஆனாலும் நியாயம் அவர் பக்கம் என்று மனசுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை அவளிடம், "நாளைக்குக் கோயிலுக்குப் போ. சம்பளம் புடிக்க மாட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஒற்றை ஆளாகக் கடையைச் சமாளித்தேன். மில் விடுமுறை என்பதால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், கூட்டம் ஓய்ந்ததும் பெருமையாக வந்தார். "பாத்தியா, ஜெயிச்சாச்சு!"

"சரிங்க. உங்க சோஷலிசத்துல எனக்கு எந்தக் கிழமை லீவு?"

மேடை மேடையாகப் பேசியவர், வீங்கியிருந்த என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத நாங்க யோசிக்கவே இல்லடி" என்றார் மெதுவாக.

அடுத்த ஞாயிறு, தூங்கிக்கொண்டிருந்த என்னை அவர் எழுப்பவில்லை. கண் விழித்தபோது வீடு முழுக்கத் தோசை தீயும் வாசனை. வெளியே யாரோ சட்னி கேட்டுச் சத்தம் போட்டார்கள். "இருங்க, வர்றேன், வர்றேன்" என்று அவர் தடுமாறுவது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் அவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை. ஆனாலும் பாயை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.