பகலில் எரியவிட்ட மின்குமிழ்

ஒரு வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டால், அந்த வீட்டிலேயே வசிக்கும் ஒருவரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றே நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு படிவத்தை நிரப்பி, அதில் அம்மாவைக் கையெழுத்திடவும் வைத்தேன். அந்தப் படிவம் பொய்யானது என்று நான் அறிந்தது ஒரு பழைய கணினியின் கோளாற்றைத் தேடப்போய்த்தான்.

அப்போது நாங்கள் கண்டியில், மஹய்யாவையில் இருந்தோம். போர் வடக்கில் நடந்தது. அதன் கடதாசி வேலைகள் மட்டும் கண்டிவரை வந்து சேர்ந்திருந்தன. அப்பா இல்லை. அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். விடியுமுன் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். பட்டம் பெற்று, அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்த நான் பகல் முழுவதும் முன்னறையில் கணினியின் முன் இருப்பேன். வத்தேகமவைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், அதனால் அடையாள அட்டையும் இல்லாமல் பலர் இருந்தார்கள். அட்டையில்லாத தமிழர் ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பது அந்நாட்களில் எளிதல்ல. அவர்களுடைய விண்ணப்பங்களைச் சிங்களத்தில் எழுதித் தட்டச்சு செய்து கொடுப்பதை என் கடமையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டின் பக்கவாட்டில் அப்பா கட்டிய அறையொன்று இருந்தது. அதற்குப் பின்வளவுப் பக்கமாகத் தனிக் கதவும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் அங்கே இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தார். வடக்கு முகவரியைக் கண்டதும் வேறு வீடுகளில் அறையில்லை என்று சொல்லியிருந்தார்களாம். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். அது வாய்வார்த்தைக்காக அழைத்ததல்ல. விண்ணப்பங்களில் நான் விடும் பிழைகளை அவர்தான் திருத்தித் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒன்றாகச் சமைப்போம்.

வீட்டில் வசிப்போர் எல்லோருடைய விபரத்தையும் எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்திட்டுப் பொலிஸில் கொடுக்க வேண்டும் என்று மறுபடியும் படிவம் வந்தது. அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. அவர் இளம்பெண்ணாக இருந்தபோது தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரத்தைக் கண்டவர்.

“பேரு எழுதுன தாள கையில வச்சிக்கிட்டுத்தான் அன்னைக்கு வீடு வீடா வந்தானுங்க” என்றார்.

“இது நம்மளக் காப்பாத்துற தாள் அம்மா. உள்ளதச் சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. மறைச்சாத்தான் உள்ள போடுவாங்க” என்று நான் விளக்கினேன். அந்தக் கருத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று தன்னுடைய அட்டை இலக்கத்தைச் சொன்னார். வேறு யாராவது தங்குகிறார்களா என்ற கட்டத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன்.

“ஆர் இருக்கினம்? நான் மட்டும்தான். பல்லி ரெண்டு இருக்கு, அதுகளின்ர பேரையும் போடும்” என்றார். சிரித்தோம். ‘இல்லை’ என்று எழுதினேன். சிங்களம் வாசிக்கத் தெரியாத அம்மா, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டார்.

அந்த மாதம்தான் கணினி பழுதாகத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். ‘பீப்’ என்று ஒரு சத்தம். பிறகு எதுவுமே நடவாததுபோல் முதலிலிருந்து தொடங்கும். சேமிக்காத பக்கம் போய்விடும். ஒருநாள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்த பெண்ணொருவர் என் எதிரிலேயே இருக்க, அவருடைய சத்தியக்கடதாசி மூன்று தடவை மறைந்தது. “நம்ம பேரக் கண்டா மெசினுக்கும் புடிக்கலயோ என்னமோ” என்றார் அவர்.

எதையும் ஒழுங்காகக் குறித்து வைத்தால் காரணம் பிடிபடும் என்பது எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஊறிய பழக்கம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நிறுத்தத்தின் திகதியையும் நேரத்தையும், அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதினேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். மென்பொருள் அனைத்தையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். காற்றாடியில் படிந்திருந்த தூசியைப் பழைய பல்தூரிகையால் துடைத்தேன். ஒன்றுக்கும் பலனில்லை.

அதை எனக்கு விற்றவர் அக்குறணையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டு போனேன். வழியில் சாவடியில் இறக்கி, மூடியைக் கழற்றிக் காட்டவேண்டி இருந்தது. நானா நினைவகமான ரெம் தகட்டைக் கழற்றி, அதன் முனையை வெள்ளை அழிறப்பரால் தேய்த்துப் பொருத்தினார். பவர் சப்ளையையும் மாற்றினார். இரண்டு நாள் கடையிலே ஓடவிட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மறுநாள் காலை பத்தரைக்கு நின்றது.

தொலைபேசியில் அவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். “உங்க கடையில மட்டும் எப்படி நானா ஒழுங்கா ஓடுது?”

“அதுக்கும் வீட்டுக்காரியக் கண்டா பயமாக்கும்” என்று சிரித்துவிட்டு, “மிஸ், நான் வந்து பாக்கிறன். அதுக்கு முந்தி ஒரு வேல செய்யுங்க. பகல்லயும் அந்த அறயில பல்ப போட்டு வைங்க. மெஷின் சாகுற நேரம் பல்பு மங்குதா என்டு மட்டும் பாருங்க” என்றார்.

பகலில் விளக்கேற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அடுத்த நாள் திரை கறுத்த அதே கணத்தில் குமிழ் சிவந்து மங்கியது. கால்மணி நேரம் அந்த மங்கலிலேயே எரிந்துவிட்டுப் பிறகு தெளிந்தது.

இரண்டு நாள் கழித்து நானா வந்தார். பத்தரை மணிக்குக் குமிழ் மங்கியதும், அவர் கணினியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த மீட்டரின் முன் போய் நின்றார். “வீட்ல எல்லாத்தயும் அணைங்க மிஸ்.” கணினி, குமிழ், வானொலி, எல்லாவற்றையும் அணைத்தேன். வீட்டில் வேறு எதுவுமே இல்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் மீட்டரின் வட்டு விறுவிறுவென்று சுழன்றுகொண்டிருந்தது.

“அந்த அறையில யாரு?”

“ஒரு அக்கா. ஒபிசுக்குப் போயிட்டாங்க. பூட்டித்தான் இருக்கு.”

“அப்ப ஐயன் பொக்ஸ மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க போல. வீடு பத்திக்கும் மிஸ்! கதவ ஒடைப்பமா?” என்று அவர் உரத்த குரலில் கேட்டார்.

வட்டு வேகம் குறைந்து நின்றது. எங்கள் இருவரில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

 நானா தன் கருவிகளைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மெதுவாகக் கட்டினார். “மெஷினுக்கு ஒரு நோவும் இல்ல” என்றார் தாழ்ந்த குரலில். “பெரிய ஹொட் பிளேட் அடுப்பு ஒன்ட போட்டா இந்த வீட்டு வயருக்குத் தாங்காது. கரண்ட் எறங்குது, அது செத்துப் பொழைக்குது. நான் வந்து பாத்தது மெஷின மட்டும்தான் மிஸ். வேற ஒன்டும் பாக்கல்ல.” தேநீரும் குடிக்காமல் போய்விட்டார்.

பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.  “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அக்கா வர்ற வரைக்கும் இந்த இடத்த விட்டு எழும்ப மாட்டேன்” என்றேன்.

நெடுநேரம் கழித்து உள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. “நான் அக்காவின்ர தம்பி. பயப்பிடாதேங்கோ.”

கதவைத் திறக்காமலேயே அவர் பேசினார். என்னிலும் மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்புகளில் இருமுறை பிடிபட்டு விடுபட்டிருந்தார். மூன்றாவது முறை விடமாட்டார்கள் என்று பயந்து வந்திருக்கிறார். நான் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும்போதுதான் பின்வளவுக்குப் போவாராம்; சத்தம் நின்றால், நின்ற இடத்திலேயே நிற்பாராம். “நீங்கள் ‘ஐயோ’ எண்டு கத்துறது ஒவ்வொரு நாளும் கேக்கும். அது நான் தேத்தண்ணி வைக்கிறதால எண்டு சத்தியமாத் தெரியாது” என்றார்.

வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்போது என் மனதில் ஓடியது, பொலிஸ் நிலையத்தில் ஏதோவோர் அலுமாரிக்குள் இருக்கும் அம்மாவின் கையெழுத்துதான். மறைத்து வைத்தவருக்கு என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்கு விளக்கியவளே நான். நான் இதை அறிந்திருக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கையெழுத்து என்னுடையதும் அல்லவே.

நாலரைக்கு அக்கா வந்தார். கதிரையையும் என்னையும் கண்டதும் கைப்பையை நிலத்தில் வைத்தார்.

“இவரு எப்ப வந்தாரு?” என்று கேட்டேன்.

“ஒரு கிழமைதான் தங்கச்சி. உமக்குச் சொல்லத்தான் இருந்தனான்.”

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். முதல் பதிவு ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது. அன்றிலிருந்து நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. படிவத்தில் அம்மா கையெழுத்திட்டது அந்தக் கிழமையின் வெள்ளிக்கிழமை. பல்லிகளின் பெயரையும் போடச் சொல்லி இவர் சிரித்தபோது, தம்பி இந்தச் சுவருக்கு மறுபுறம் மூச்சடக்கி இருந்திருக்கிறார். பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி இவர் சோற்றுத் தட்டை அறைக்குள் கொண்டுபோகத் தொடங்கியதும் அப்போதுதான். அவர் படிப்புக் குழம்பக்கூடாதென்று நான் வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

திகதிகளை விரலால் காட்டினேன். அவர் வாசித்தார். மறுக்கவில்லை.

“ஊர் பேர் தெரியாத சனத்துக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா அக்கா?”

“கேட்டிருந்தால் நீர் யோசிச்சிருப்பீர்” என்றார் அவர். “நல்லா யோசிப்பீர். இப்பிடிச் செய்தால் என்ன வரும், அப்பிடிச் செய்தால் என்ன வரும் எண்டு எல்லாப் பக்கத்தாலையும் யோசிப்பீர். நீர் யோசிச்சு முடியிறதுக்குள்ள அவனைக் கொண்டுபோயிருப்பாங்கள்.”

“அதுக்காக எங்கம்மாவக் கையெழுத்து வைக்க விட்டீங்க.”

 இன்று வந்த விருந்தினர் என்று பொலிஸில் பதிந்துவிடலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். தம்பியின் பெயரை அங்கே உச்சரிப்பதைவிட அவனை ஆற்றில் தள்ளிவிடலாம் என்றார். அப்படியானால் நாளை காலைக்குள் இருவரும் போய்விட வேண்டும் என்று சொன்னேன். சொன்னவள் நான்தான். அந்த முடிவை நான் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு மணிக்கு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சேலையை மாற்றாமல் உட்கார்ந்து கேட்டார். அக்காமீது கோபப்படுவார், நானும் சேர்ந்து கோபப்படலாம் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ள பொய் சொன்னதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல” என்றார். “உசுருக்குப் பயந்தவங்க பொய்தான் சொல்லுவாங்க. எனக்கு அந்தத் தாளு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். படிச்சவ நீ எழுதுனேன்னுதான கண்ண மூடிக்கிட்டு கையெழுத்து வச்சேன்?”

விடிந்தபோது அறை திறந்து கிடந்தது. சாவி மேசைமேல் இருந்தது. ஹொட் பிளேட்டைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள், அந்தத் தம்பி என்ன ஆனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுடைய அலுவலகத்தில் விசாரிப்பதே அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம் என்று நினைத்து விசாரிக்காமல் இருந்தேன். அது உண்மையான காரணம்தானா என்பதிலும் எனக்கு இப்போது ஐயம் உண்டு. அக்காவை மன்னிக்க எனக்கு நெடுங்காலம் எடுத்தது. முழுவதும் மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பத்து நாட்களுக்குப் பின் இரண்டு பொலிஸார் படிவத்துடன் வந்து அறைகளைப் பார்த்தார்கள். வாடகைக்கு இருந்தவர் போய்விட்டார் என்றதும் அவருடைய பெயரை வெட்டி, புதிய படிவமொன்றை நிரப்பித் தரச் சொன்னார்கள். நான் நிரப்பி, வழக்கம்போல் கையெழுத்திடும் இடத்தில் விரலை வைத்து நீட்டினேன். அம்மா பேனையை வாங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணியிடம் போய், ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்லக் கேட்டார். பொலிஸார் வாசலில் காத்து நின்றார்கள். பிறகுதான் வந்து கையெழுத்திட்டார்.

கணினி அதன்பின் ஒருநாளும் தானாக நிற்கவில்லை. அந்த அறையை நாங்கள் வேறு யாருக்கும் கொடுக்கவுமில்லை. அன்று முதல் தன் கடைசிக் காலம்வரை, நான் எழுதிக் கொடுத்த எந்தத் தாளிலும் வேறொருவர் வாசித்துச் சொல்லாமல் அம்மா கையெழுத்திடவில்லை.